நீலத் துளியும் மஞ்சள் துளியும் யார் செய்தவை?

கியா பார்ம் சந்தையில் வண்டியை நிறுத்தி, ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறவர்களே அதிகம். அந்தச் சந்தைக்கு அருகே சுங்கை பாலாஸ் பக்கம் பிரியும் குறுகிய சாலையில் ஏறினால் தேயிலை மலை தொடங்கிவிடும். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தாத்தா பாட்டி வழியாக ஒரு செய்தி வந்து சேர்ந்திருக்கும். விதை போட்டு வளர்த்த தேயிலைச் செடிகள் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், இன்னொன்று பிந்தும். ஒன்றின் கொழுந்து மணக்கும். பக்கத்துச் செடி சுமாராக இருக்கும். ஆனால், நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இலையோடும் கணுவோடும் ஒரு தண்டுத் துண்டை வெட்டி நட்டால், வளரும் செடிகள் எல்லாம் தாயைப் போலவே இருக்கும். பத்தாயிரம் செடி நட்டாலும் பத்தாயிரமும் ஒரே குணம். இதைத்தான் தோட்டத்தில் 'குளோன்' தேயிலை என்கிறார்கள்.

மாணவர்களே, இன்று நாம் பேசப்போவது இரத்தத்தைப் பற்றி. ஆனால் இந்தத் தேயிலைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ உலகம் கடந்த 50 ஆண்டுகளில் கண்ட பெரிய மாற்றங்களுள் ஒன்று, விதைச் செடியிலிருந்து குளோன் செடிக்கு மாறியதைப் போன்றதுதான்.

உங்களில் பலர் இரத்த வகை பார்க்கும் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனியில் ஒரு குத்து. வெள்ளைத் தட்டிலோ கண்ணாடித் துண்டிலோ மூன்று சொட்டு இரத்தம். ஒன்றில் நீல நிறத் துளி, அடுத்ததில் மஞ்சள் துளி, மூன்றாவதில் நிறமற்ற துளி. குச்சியால் கலக்கி, தட்டை மெல்ல ஆட்டினால், திரிந்த பால்போலச் சில இடங்களில் இரத்தம் கட்டி கட்டியாகத் திரளும்; சில இடங்களில் சீராகவே இருக்கும். நீலத்தில் திரண்டால் ஏ வகை. மஞ்சளில் திரண்டால் பி வகை. இரண்டிலும் திரண்டால் ஏபி. இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. மூன்றாவது துளியில் திரண்டால் ஆர்எச் பாசிட்டிவ், திரளாவிட்டால் நெகட்டிவ். சில நிமிட வேலை.

அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிரின் கணக்கு அடங்கியிருக்கிறது. ஓ வகை நோயாளிக்குத் தவறுதலாக ஏ வகை இரத்தம் ஏற்றப்பட்டால், உள்ளே போகும் சிவப்பணுக்களை அவர் உடலே தாக்கி உடைக்கும். சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம். ஆகவே அந்த நீலத் துளி பொய் சொல்லக்கூடாது. இன்று சொல்வதையே நாளையும் சொல்லவேண்டும். கோலாலம்பூரில் சொல்வதையே கேமரன் மலையிலும் சொல்லவேண்டும். இத்தனை நம்பிக்கைக்குரிய அந்தத் துளியில் என்ன இருக்கிறது? அதை யார் செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்பதே இன்றைய தலையங்கத்தின் நோக்கம்.

துளியில் இருப்பது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். நம் சிவப்பணுவின் மேற்பரப்பில் சில சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் அடையாளக் கொடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஆன்டிஜென் என்கிறோம். ஏ வகை இரத்தத்தில் ஏ கொடி. பி வகையில் பி கொடி. ஏபி வகையில் இரண்டும். ஓ வகையில் இவ்விரண்டும் இல்லை. நம்மிடம் இல்லாத கொடிக்கு எதிரான எதிர்ப்பொருள் நம் இரத்த நீரில் இயல்பாகவே இருக்கும். வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லேண்ட்ஸ்டெய்னர், தம் ஆய்வுக்கூடச் சகாக்களின் சிவப்பணுக்களையும் இரத்த நீரையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, 1901ஆம் ஆண்டில் இந்த உண்மையை வெளியிட்டார். அதுவரை ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது சூதாட்டமாகவே இருந்தது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லேண்ட்ஸ்டெய்னருக்குப் பின் முக்கால் நூற்றாண்டுக் காலம், சோதனைத் துளி மனிதர்களிடமிருந்தே வந்தது. பி வகைக்காரரின் இரத்த நீரில் ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது அல்லவா? அதைப் பிரித்து, குப்பியில் அடைத்து, 'ஆன்டி-ஏ' என்று எழுதி வைத்தார்கள். வீரியம் போதாவிட்டால், மனமுவந்து வந்தவர்களுக்கு ஏ பொருளை ஊசியாகச் செலுத்தி, அவர்கள் உடலில் எதிர்ப்பொருளைப் பெருக்கி எடுத்தார்கள். இந்த முறை உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் குறைகளும் இருந்தன. ஒருவர் இரத்த நீர் போல இன்னொருவருடையது இராது. ஒரே ஆளிடம் எடுத்தாலும் இந்த மாதம்போல் அடுத்த மாதம் இராது. வேண்டாத வேறு எதிர்ப்பொருள்களும் அதில் கலந்திருக்கும். மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை ஒளிந்திருக்கும் ஆபத்தும் உண்டு. விதைத் தேயிலையின் கதைதான்: செடிக்குச் செடி மாறுபடும் கொழுந்து.

இந்த இடத்தில் நம் சமையலறைப் பொருள் ஒன்று வரலாற்றில் நுழைகிறது. இந்திய இராணுவ மருத்துவப் பணியில் இருந்த ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்ற மருத்துவர், கொள்ளை அரைத்து எடுத்த சாறு ஏ வகைச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். அதிலும் ஏ1 என்ற உட்பிரிவை அது நன்கு பிரித்துக் காட்டியது. 1951இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இதை அறிவித்தார். நம் பாட்டிமார் ரசம் வைக்கும் அதே கொள்ளுதான். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் ஏ1 கொடியின் சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது. இன்றும் உலகெங்கும் இரத்த வங்கிகளில் ஏ1-ஐப் பிரித்தறியக் கொள்ளிலிருந்து எடுத்த லெக்டின் பயன்படுகிறது.

இதில் மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கொள்ளு ஆயிரம் ஆண்டுகளாக நம் வீட்டில் இருந்தது. அதை அரைத்து, ஒரு சொட்டு இரத்தத்தோடு கலந்து, என்ன ஆகிறது என்று பார்க்க ஒருவருக்குத் தோன்றியபோதுதான் அது அறிவியல் ஆயிற்று. பொருள் நம்முடையது என்று பெருமை பேசுவது எளிது. கேள்வியும் நம்முடையதாக இருக்கவேண்டும்.

பெரிய திருப்பம் 1975இல் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும் ஜெர்மானியரான ஜார்ஜ் கோலரும் ஒரு சிக்கலோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். நம் உடலில் எதிர்ப்பொருளைச் செய்வது 'பி செல்' என்னும் வெள்ளையணு. ஒவ்வொரு பி செல்லும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளை மட்டும் செய்யும். அந்த ஒரு செல்லைத் தனியே எடுத்து வளர்த்தால் ஒரே குணமுள்ள எதிர்ப்பொருள் கிடைக்கும். ஆனால் உடலுக்கு வெளியே அது சில நாட்களில் செத்துவிடும். இன்னொரு பக்கம், புற்றுச் செல்லுக்குச் சாவே இல்லை, பெருகிக்கொண்டே இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய எதிர்ப்பொருளை அது செய்யாது. இரண்டையும் ஒட்டிவிட்டால்?

ஒட்டினார்கள். இதே முறையில் ஆன்டி-ஏ தயாரிப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். முதலில் சுண்டெலிக்கு ஏ வகைச் சிவப்பணுவை ஊசியாகச் செலுத்துவார்கள். எலியின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கும். பிறகு எலியின் மண்ணீரலிலிருந்து பி செல்களை எடுத்து, சாகாத புற்றுச் செல்களோடு இணைப்பார்கள். இணைந்த கலப்புச் செல்லுக்கு ஹைபிரிடோமா என்று பெயர். அடுத்து, எல்லாவற்றையும் ஒரு தனி வகை ஊட்ட நீரில் வைப்பார்கள். இணையாத புற்றுச் செல்கள் அந்த நீரில் பிழைக்காது. இணையாத பி செல்கள் தாமாகவே மடியும். கலப்புச் செல்கள் மட்டும் எஞ்சும். அவற்றைக் குழிக்கு ஒன்றாகப் பிரித்து வளர்த்து, எந்தக் குழியின் நீர் ஏ வகையை மட்டும் திரளச் செய்கிறது, பி-யையும் ஓ-வையும் தொடாமல் விடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். நூற்றுக்கணக்கான குழிகளில் ஒன்றோ இரண்டோ தேறும்.

தேறிய அந்த ஒரு செல்தான் தாய்ச்செடி. அதிலிருந்து பெருகும் கோடிக்கணக்கான செல்களும் அதே எதிர்ப்பொருளையே செய்யும். ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்தும் எடுத்து வளர்க்கலாம். இதுவே மோனோகுளோனல் ஆன்டிபாடி. தமிழில் ஒற்றைக்குல எதிர்ப்பொருள் என்று சொல்லலாம். கோலருக்கும் மில்ஸ்டீனுக்கும் 1984இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கண்டுபிடித்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அதனால் உலகின் எந்த ஆய்வுக்கூடமும் அதைக் கற்று, பயன்படுத்த முடிந்தது.

இரத்த வகைச் சோதனைக்கு ஏற்ற ஒற்றைக்குல ஆன்டி-ஏ, ஆன்டி-பி பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அதன் பிறகு மனித இரத்த நீரிலிருந்து எடுக்கும் பழைய துளிகள் படிப்படியாக ஒதுங்கின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லா எதிர்ப்பொருளும் இந்தச் சோதனைக்கு உதவாது. சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி நிற்பவை. ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளுக்கு இரண்டே கைகள். இடைவெளியைத் தாண்டி இரு சிவப்பணுக்களைச் சேர்த்துப் பிடிக்கப் பெரும்பாலும் எட்டாது. ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளுக்குப் பத்துக் கைகள். எட்டிப் பிடித்துக் கட்டிவிடும். ஆகவே தட்டில் உடனே திரட்சி காட்டவேண்டிய துளிக்கு, ஐஜிஎம் செய்யும் செல்லையே தேடிப் பிடிக்கவேண்டும். ஐஜிஜி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க வேறொரு சோதனை உண்டு. 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவர் வெளியிட்ட அந்தச் சோதனை, கூம்ஸ் சோதனை என்ற பெயரில் இன்றும் ஒவ்வோர் இரத்த வங்கியிலும் நடக்கிறது.

ஆர்எச் வகையைக் காட்டும் ஆன்டி-டி இன்னும் முரண்டு பிடித்தது. எலிகள் டி கொடிக்கு எதிராகப் பயன்படத்தக்க எதிர்ப்பொருளைச் செய்வதில்லை. எனவே ஆன்டி-டி ஏற்கெனவே உடலில் உருவாகியிருந்த மனிதர்களின் பி செல்களை எடுத்து, ஒருவகை வைரஸின் துணையால் அவற்றைத் தொடர்ந்து பெருகும்படி மாற்றியும், வேறு செல்களோடு இணைத்தும் 1980களில் வழி கண்டார்கள். இப்போது எலியோ மனிதரோ இல்லாமலும் எதிர்ப்பொருளைத் தேட முடிகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற நுண்ணுயிரின் மேற்பரப்பில், கோடிக்கணக்கான எதிர்ப்பொருள் துண்டுகளை விதவிதமாக ஏற்றிவைத்து, வேண்டியதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் முறை அது. 1993இல் இந்த முறையால், இரத்த வகைக் கொடிகளைக் கண்டறியும் மனித எதிர்ப்பொருள் துண்டுகளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஃபேஜ் முறைக்கு வித்திட்ட ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெகரி வின்டரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இவ்வளவு திருத்தமான துளி வந்துவிட்டதே, இனி கவலையில்லை என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே குணம் என்பது பலம். அதுவே பலவீனமும் ஆகும். தேயிலைத் தோட்டம் முழுவதும் ஒரே குளோனை நட்டால், அதைத் தாக்கும் நோய் ஒன்று வந்தால் மலை முழுவதும் பாதிக்கப்படும் அல்லவா? அதுபோல ஒற்றைக்குல எதிர்ப்பொருள் கொடியின் ஒரே ஒரு பகுதியை மட்டும் பார்க்கும். சிலருடைய டி கொடியில் அந்தப் பகுதியே இராது. அப்போது ஒரு துளி 'இருக்கிறது' என்றும் இன்னொரு துளி 'இல்லை' என்றும் சொல்லும். ஆகவே வெவ்வேறு தாய்ச் செல்களிலிருந்து வந்தவற்றைக் கலந்தும், ஒன்றுக்கு இரண்டாகச் சோதித்தும் பார்க்கிறார்கள்.

இன்னொரு பாடம் பம்பாயிலிருந்து வந்தது. 1952இல் ஒய்.எம். பெண்டே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு விந்தையான இரத்தத்தைப் பற்றி எழுதினார்கள். ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டிலும் அது திரளவில்லை. பார்த்தால் ஓ வகை. ஆனால் அந்த இரத்த நீர், ஓ வகைச் சிவப்பணுக்களையே திரளச் செய்தது! ஏ, பி கொடிகளுக்கு அடித்தளமான எச் என்ற பொருளே இவர்களிடம் இல்லை. இது 'பம்பாய் வகை' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. இவர்களுக்கு ஓ வகை இரத்தம்கூட ஆபத்து. தம்மைப் போன்ற இன்னொரு பம்பாய் வகைக்காரரின் இரத்தமே பொருந்தும். முன்பக்கச் சோதனை மட்டும் செய்திருந்தால் இவர்கள் ஓ என்று எழுதப்பட்டிருப்பார்கள். இரத்த நீரையும் தனியே சோதித்ததால்தான் உண்மை தெரிந்தது. துளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைப் பார்க்கும் மனிதரின் கவனம் அதைவிட முக்கியம்.

இந்த வகை இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடையேதான் மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது. இங்கேதான் நமக்கான கேள்வி தொடங்குகிறது. இரத்தம் சிவப்புதான், ஆனால் அதன் கொடிகள் சமூகத்துக்குச் சமூகம் வெவ்வேறு அளவில் இருக்கும். ஏ, பி, ஓ, ஆர்எச் மட்டும் அல்ல. இன்று 45க்கும் மேற்பட்ட இரத்த வகைத் தொகுதிகள் அறியப்பட்டுள்ளன. மில்டன்பெர்கர் என்ற தொகுப்பைச் சேர்ந்த கொடிகள் தென்கிழக்காசிய மக்களிடையே பரவலாக உண்டு; ஐரோப்பியர்களிடையே மிக அரிது. இரத்தம் ஏற்றுமுன் நோயாளியிடம் ஆபத்தான எதிர்ப்பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரிச் சிவப்பணுக்களை வைத்துச் சோதிப்பார்கள். அந்த மாதிரிகள் ஐரோப்பியக் கொடையாளர்களிடமிருந்து மட்டும் வந்தால், மில்டன்பெர்கர் கொடிக்கு எதிரான எதிர்ப்பொருள் கண்ணில் படாமலே போகலாம். இங்குள்ள நோயாளிக்கு இங்குள்ள மக்களின் கொடிகளை அறிந்த சோதனையே துணை.

ஆர்எச் நெகட்டிவ் இதற்கு நேர்மாறான கதை. மலாய், சீன சமூகத்தினரிடையே நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை எனலாம். இந்திய வம்சாவளியினரான நம்மிடையே அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். தாய் நெகட்டிவாகவும் வயிற்றில் உள்ள குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலந்து, அங்கே ஆன்டி-டி உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போய்த் தாக்கும். கர்ப்பத்தின் 28ஆம் வாரம் அளவிலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போட்டால் இதைத் தடுக்கலாம்.

அந்த ஊசி மருந்து நீண்ட காலம் மனிதக் கொடையாளர்களிடமிருந்தே வந்தது. இன்றும் பெருமளவு அப்படித்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் தம் வாழ்நாளில் 1,100 தடவைக்கு மேல் பிளாஸ்மா தானம் செய்து, 2025இல் தம் 88ஆம் வயதில் மறைந்தார். அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதனால்தான் ஊசிக்கான ஆன்டி-டியையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் முயற்சி நடக்கிறது. இந்தியாவில் அத்தகைய மருந்து பயன்பாட்டுக்கும் வந்திருக்கிறது. ஆனால் எந்த ஊசியும் யாருக்குத் தேவை என்று முதலில் தெரியவேண்டும். அதைச் சொல்வது தட்டில் இருக்கும் அந்த நிறமற்ற மூன்றாவது துளிதான்.

கியா பார்மிலிருந்து யோசித்துப் பாருங்கள். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில். பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டுமானால் சிம்பாங் பூலாய் வழியோ தாப்பா வழியோ மலையிறங்கவேண்டும். விடுமுறை நாள் என்றால் சந்தை முன்னால் வண்டிகள் நகராது. அடைமழையில் மண்சரிந்தால் சாலையே மூடப்படும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குப் பிரசவத்திலோ விபத்திலோ இரத்தம் போனால், வகையை உடனே, தவறில்லாமல் சொல்லும் துளி அங்கேயே இருக்கவேண்டும். குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கவேண்டும். காலாவதி ஆகாமல் இருக்கவேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அறிவியல் என்பது நோபல் மேடையில் முடிந்துவிடுவதில்லை. மலையோர மருத்துவமனையின் இரவுப் பணி மேசைவரை வரவேண்டும்.

அப்படியானால் இந்தத் துளியை யார் செய்வது? இந்தியா இந்தக் கேள்வியை 1980களில் தன்னிடமே கேட்டுக்கொண்டது. புதுதில்லியில் டாக்டர் ஜி.பி. தல்வார் தலைமையில் உருவான தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனம், இரத்த வகைச் சோதனைக்கான ஒற்றைக்குல எதிர்ப்பொருள்களைத் தானே உருவாக்கி, தொழில்நுட்பத்தை உள்நாட்டு உற்பத்திக்குக் கொடுத்தது. ஆய்வுக்கட்டுரையோடு நின்றுவிடாமல் குப்பியில் அடைத்து விற்கும்வரை போகவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

நம் நாட்டுக்கும் இது எட்டாத கனி அல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயிலின் குழு, டைஃபாய்டு காய்ச்சலை விரைவில் கண்டறியும் 'டைஃபிடாட்' சோதனையை உருவாக்கியது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஹ்மா நூர்டினின் குழு, யானைக்கால் நோய்க்கான 'புருகியா ரேப்பிட்' சோதனையை உருவாக்கியது. இரண்டும் நம் மண்ணின் நோயாளிகளை மனத்தில் வைத்துப் பிறந்தவை. இரண்டும் வெளிநாடுகளிலும் பயன்பட்டவை. ஃபேஜ் முறையில் எதிர்ப்பொருள் தேடும் ஆய்வும் அதே பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. கருவியும் அறிவும் இங்கேயே உண்டு. தேவை, அதைத் தொடரும் கைகள்.

அந்தக் கைகளில் நம் கைகளும் இருக்கவேண்டும் என்பதே நம் ஆசை. ஆனால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வந்தால், உடனே 'டாக்டர்' என்ற ஒரே சொல். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை தோற்றுவிட்டதாகப் பெற்றோர் முகம் வாடுகிறது. சிலர் சக்திக்கு மீறிக் கடன் வாங்குகிறார்கள். சிலர் அறிவியலையே விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் இரத்தம் ஏற்ற உத்தரவிடுவதற்கு முன்னால், அது எந்த இரத்தம் என்று சொல்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். அவருக்கு முன்னால் அந்தத் துளியை உருவாக்கியவர் இருக்கிறார். அவர் உயிர்மருத்துவமோ உயிர்த்தொழில்நுட்பமோ நோய்த்தடுப்பியலோ படித்தவர். இவையெல்லாம் மருத்துவத்துக்கு அடுத்தபடி அல்ல. மருத்துவம் நிற்கும் படிகள்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களே, உயிரியல் பாடத்தில் தடைக்காப்பும் மரபுவழியும் படிக்கும்போது, அவற்றைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். தந்தை ஏபி, தாய் ஓ என்றால் பிள்ளைக்கு என்ன வகை வரும் என்ற கணக்கைப் போடும்போது, அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருப்பதை நினைவில் வையுங்கள். உங்கள் இரத்த வகை உங்களுக்குத் தெரியுமா? அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியுமா? தெரியாவிட்டால் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதி வையுங்கள். பதினெட்டு வயது நிறைந்து, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் இருந்தால், இரத்த தான முகாமைத் தேடிப் போங்கள். பதினேழு வயதானவர்கள் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு போகலாம். அரிய வகைக்காரர்கள் யார் யார் என்று இரத்த வங்கிக்குத் தெரியவருவதே கொடையாளர்கள் முன்வரும்போதுதான்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கலைநிகழ்ச்சி நடத்துகின்றன, நல்லது. அதோடு ஒருநாள், ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் ஒருவரை அழைத்துக்கொண்டு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்குப் போங்கள். கொள்ளின் கதையைச் சொல்லுங்கள். தேயிலைக் குளோனையும் எதிர்ப்பொருள் குளோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்குங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அது கோலாலம்பூர்ப் பிள்ளையைவிடச் சீக்கிரம் புரியும். தாய்ச்செடியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதை அவன் பிறந்த மண்ணே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

கேமரன் மலையில் நம் முன்னோர்கள் காடு திருத்தி, செடி நட்டு, கொழுந்து கிள்ளினார்கள். அந்தத் தேயிலையின் பெயர் உலகமெங்கும் தெரிந்தது. நட்டவர் பெயர் தெரியவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இனி நடவேண்டியது வேறு வகைச் செடி. அடுத்த முறை உங்கள் விரலில் குத்தி இரத்த வகை பார்க்கும்போது, தட்டில் இருக்கும் நீலத் துளியைப் பாருங்கள். "இதை எங்கே செய்கிறார்கள்?" என்று அந்தத் தொழில்நுட்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் திருப்பிக் காட்டுவார். ஒருநாள் அந்தச் சீட்டில் நம் நாட்டின் பெயரும், அதைச் செய்த குழுவில் தேயிலை மலையில் பிறந்த ஒரு பிள்ளையின் பெயரும் இருக்கட்டும்.